ஈடு வைக்கப்பட்ட விசுவாசம்

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. அவரை வெளியே நிறுத்துவது 'நாங்கள்'. ஜேர்மன் மொழி இரண்டுக்கும் ஒரு சொல்லையே வைத்திருக்கிறது. ஆனால் உதைபந்தாட்ட ரசிகர்களின் திங்கட்கிழமைப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்கு, எந்த மொழியின் இலக்கண நூலிலும் எழுதப்படாத விதியொன்று புலப்படும். வென்றால் 'நாம் வென்றோம்'. தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்'. அதே அணி, அதே ரசிகர், ஒரு வார இடைவெளி. அதற்குள் தன்மை படர்க்கையாகிவிடுகிறது.

ஜேர்மனியின் புண்டெஸ்லீகாவில், 2020–21 பருவத்தில், ஷால்கே 04 கழகம் அடைந்த வீழ்ச்சியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்த விதியே எங்களுக்கு நினைவுக்கு வருகிறது. அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் 'அவர்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அப்படிச் சொன்னது பிழை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடலாம். ஆட்டங்கள் 34; வெற்றி 3, சமநிலை 7, தோல்வி 24. அடித்த கோல்கள் 25, வாங்கியவை 86. புள்ளிகள் 16, பதினெட்டு அணிகளில் பதினெட்டாவது இடம். 2020 செப்டம்பர் 18 அன்று மியூனிக் நகரில் பயர்ன் அணியிடம் 8–0 எனத் தோற்றுத் தொடங்கிய பருவம் அது. முந்தைய பருவத்தின் பிற்பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 2020 ஜனவரி 17 அன்று மொன்ஷன்கிளாட்பாக் அணியை வென்ற ஷால்கே, அடுத்த லீக் வெற்றியைக் காண 2021 ஜனவரி 9 வரை காத்திருந்தது. இடையில் முப்பது ஆட்டங்கள், ஒன்றிலும் வெற்றியில்லை.

இந்த எண்களின் கனத்தை உணர, அந்த ஊரைச் சற்று அறிந்திருக்க வேண்டும். ஷால்கே என்பது ரூர் நிலப்பகுதியிலுள்ள கெல்சன்கிர்ஷன் நகரின் ஒரு பகுதி. 1904ஆம் ஆண்டு அங்கிருந்த சிறுவர்கள் சிலர் தொடங்கிய கழகம், 'கொன்சொலிடாட்சியோன்' நிலக்கரிச் சுரங்கத்தின் நிழலில் வளர்ந்தது. 1928இல் திறக்கப்பட்ட அதன் பழைய மைதானம் அந்தச் சுரங்கத்தின் நிலத்திலேயே அமைந்தது. முப்பதுகளின் பெரும் ஆட்டக்காரர்களான எர்ன்ஸ்ட் குசோராவும் ஃபிரிட்ஸ் செப்பானும், கிழக்கே மசூரியாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 'போலந்துக்காரர்களின் அணி' என்று மற்றவர்கள் ஏளனமாய்ச் சொன்ன அந்த அணிதான் 1934க்கும் 1942க்கும் இடையில் ஆறு முறையும், கடைசியாக 1958இலும் ஜேர்மன் சம்பியனானது.

ரூர் நிலத்துக்கு வெகு பிந்தி வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் கூடும் தமிழர்களில் எவரிடம் கேட்டாலும், இந்நிலத்துக்கு எப்படி வந்தோம் என்பதற்கு ஒரு கதை இருக்கும். பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் கட்டியெழுப்பிய அணி என்ற ஒன்றே அன்று எங்களை ஷால்கே பக்கம் இழுக்கப் போதுமானதாயிருந்தது. இவ்வூர்க்காரர்கள் தங்கள் கழகத்தை வெற்றிக் கிண்ணங்களைக் கொண்டு அளப்பதில்லை என்பதைப் பிறகு மெல்லக் கற்றோம். 2001 மே மாதத்தில், கடைசி நாள் ஆட்டத்தை முடித்துக்கொண்டு சம்பியனாகிவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிக் கூத்தாடிய ரசிகர்கள், நான்கு நிமிடங்களுக்குப் பிறகு, ஹம்பேர்க்கில் பயர்ன் அடித்த கடைசிநேரக் கோலினால் அதை இழந்தார்கள். அந்த நான்கு நிமிடங்களை இன்றும் இவ்வூர் ஒரு பெருநாளைப்போல் நினைவுகூர்கிறது. தோல்வியைப் போற்றத் தெரிந்த ஊர் இது. ஆகவேதான் 2020–21 வேறுவகைத் தோல்வி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பருவத்தின்போது எங்களிடையே புழங்கிய விளக்கங்கள் இரண்டு. முதலாவது, பயிற்றுநர் சரியில்லை. இரண்டாவது, ஆட்டக்காரர்களுக்கு மானமில்லை.

முதல் விளக்கத்தைக் கழகமே சோதித்துக் காட்டிவிட்டது. டேவிட் வாக்னர் இரண்டாவது ஆட்டத்தோடு நீக்கப்பட்டார். மனுவேல் பௌம் டிசம்பர் வரை தாங்கினார். 1997இல் யூஈஎஃப்ஏ கிண்ணத்தை வென்று தந்த முதியவர் ஹூப் ஸ்டீவன்ஸ், இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் வந்து நின்றார். அடுத்து கிறிஸ்டியான் குரோஸ். பெப்ரவரி முடிவில் அவரும் போக, மார்ச்சில் டிமிட்ரியோஸ் கிரமோசிஸ். ஒரே பருவத்தில் ஐந்து பேர். நோயாளி தேறவில்லையென்று மருத்துவரை நான்குமுறை மாற்றுகிற வீட்டில், நோய் இன்னதென்று எவரும் கேட்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாவது விளக்கம் ஆத்திரத்துக்கு இதமானது. ஆனால் அந்த ஆட்டக்காரர்களை யார் கூட்டிவந்தார்கள், அவர்களுக்கு முன்னிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் விளக்கம் நொறுங்கிவிடுகிறது. ஜோயல் மட்டிப் 2016இல், செயாட் கொலாசினாச் 2017இல், லியோன் கொரெட்ஸ்காவும் மக்ஸ் மையரும் 2018இல், கோல் காப்பாளர் அலெக்சாண்டர் நூபெல் 2020இல் என, ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்து ஒரு யூரோகூடப் பெறாமல் கழகம் கைவிட்ட ஆட்டக்காரர்களைக் கொண்டே ஒரு நல்ல அணியின் முதுகெலும்பை அமைத்துவிடலாம். வளர்த்த பிள்ளைகளை வெறுங்கையோடு வழியனுப்பிவிட்டு, அந்த இடங்களை நிரப்ப வெளியிலிருந்து கடன்பட்டு வாங்குவது ஆண்டுக்காண்டு நடந்தது. 2018இல் ஷால்கே லீக்கில் இரண்டாமிடம் பெற்றது. அந்தக் கோடையில் நாங்கள் எவரும் வரவுசெலவைப் பற்றிப் பேசவில்லை. சம்பியன்ஸ் லீக்கில் யாரோடு மோதப்போகிறோம் என்றே பேசினோம். மறு வசந்தத்தில் மன்செஸ்டர் சிற்றி 7–0 என்று அதற்குப் பதில் சொன்னது.

இங்கேதான் கடன் என்ற சொல்லுக்கு வந்து சேர்கிறோம். கீழிறங்கிய அந்தப் பருவத்தில் கழகத்தின் கடன் 200 மில்லியன் யூரோவைத் தாண்டியிருந்தது. இந்தக் கடன் ஒரு கொள்ளைநோய் ஆண்டில் திடீரென முளைத்ததன்று. இரண்டாயிரங்களின் தொடக்கத்திலேயே, இனிவரும் பல்லாண்டுகளின் நுழைவுச்சீட்டு வருவாயை ஈடாகக் காட்டிப் பெருந்தொகையொன்றைக் கடனாகப் பெற்ற கழகம் இது. அதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வீடு, நிலம், நகை ஆகியவற்றை அடமானம் வைப்பது நமக்குத் தெரியும். இங்கு அடமானம் வைக்கப்பட்டதோ, இன்னும் நடக்காத ஆட்டங்களுக்கு, இன்னும் வேலைக்குப் போகாத பிள்ளைகள் தம் சம்பளத்தில் வாங்கப்போகும் சீட்டுகள். மழையானாலும் தோல்வியானாலும் இவர்கள் வருவார்கள் என்ற உறுதியைத்தான் கடன் கொடுத்தவர் பிணையாக ஏற்றுக்கொண்டார். ரசிகரின் விசுவாசம் என்று நாம் கவிதைபோலச் சொல்லிவந்த ஒன்று, கணக்குப் புத்தகத்தில் சொத்தாகப் பதியப்பட்டது.

2020 கோடையில் அந்தக் கணக்கு வெளிப்படையாகவே பேசத் தொடங்கியது. கொரோனாவினால் அரங்குகள் மூடப்பட்டபோது, பருவச்சீட்டுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்க விரும்பியவர்களிடம், அவர்களுடைய பண நெருக்கடியை விளக்கிச் சான்று காட்டும்படி கழகம் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியபின் மன்னிப்புக் கோரியது. அதே நாட்களில், இளையோர் பயிற்சிப் பள்ளிக்குச் சிறுவர்களை ஏற்றியிறக்கிவந்த இருபதுக்கும் மேற்பட்ட பகுதிநேரச் சாரதிகள் நிறுத்தப்பட்டார்கள். மேற்பார்வைக் குழுத் தலைவராயிருந்த கிளெமென்ஸ் டொனீஸின் இறைச்சித் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டதும் அந்த ஜூன் மாதத்தில்தான். ஆபிரிக்கர்களைப் பற்றி இனவாதமாகப் பேசி 2019இல் மூன்று மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டு மீண்டும் பதவிக்கு வந்தவர் அவர். ஜூன் 27 அன்று ரசிகர்கள் அரங்கைச் சுற்றி இடைவெளிவிட்டு மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஷால்கே இறைச்சிக்கூடம் அல்ல என்பது அவர்களுடைய முழக்கம். மூன்று நாள் கழித்து அவர் விலகினார்.

அந்தச் சங்கிலியைப் பெருமையோடு நினைவுகூர்வோர் பலர். நாங்களும் கூடத்தான். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியையும் எழுப்பியாக வேண்டும்: அந்தச் சங்கிலி ஏன் 2018இல் நிற்கவில்லை? ஜேர்மனியின் பெருங்கழகங்களில் பல, தம் தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டன. ஷால்கே உறுப்பினர் சங்கமாகவே நீடித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், அவர்களுக்கு வாக்குண்டு, மேற்பார்வைக் குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுண்டு. எண்ணெய் முதலாளி ஒருவரின் விளையாட்டுப் பொருளாகிவிட்ட கழகத்தின் ரசிகர், தன்னால் என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்கலாம். ஷால்கே ரசிகருக்கு அந்தச் சமாதானம் இல்லை. நல்ல ஆண்டுகளில் கைதட்டி வாக்களித்தவர்கள், கெட்ட ஆண்டில் சட்டையைக் கழற்றி வீசுவது எவ்விதத்தில் நியாயம்?

எங்களுள் மூத்த நண்பரொருவர், ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், அந்த மாரிகாலத்தில் ஒருநாள் சொன்னார்: "தம்பி, சங்கம் நட்டத்தில போகேக்க எல்லாரும் கணக்குப் பாப்பினம். இலாபத்தில போகேக்க பாக்கிறவன்தான் அங்கத்தவன்." பயிற்றுநரைத் திட்டிக்கொண்டிருந்த எங்களில் எவரும் அன்று அதற்குப் பதில் சொல்லவில்லை.

இனி அந்த முப்பது ஆட்டங்களுக்கு வருவோம். வெற்றியில்லாத ஆட்டங்களின் நீள்வரிசையில் புண்டெஸ்லீகாச் சாதனை 31. அது பேர்லினின் டஸ்மானியா கழகத்துக்குரியது. 1965இல், ஆட்டக்காரர்களுக்கு விதிமீறிப் பணம் கொடுத்ததற்காக ஹேர்த்தா வெளியேற்றப்பட, பிளவுண்ட பேர்லினுக்கு ஓர் அணி இருந்தேயாக வேண்டும் என்ற அரசியல் காரணத்துக்காகக் கடைசி நேரத்தில் உள்ளே தூக்கிவைக்கப்பட்ட சிறு கழகம் அது. இரண்டு வெற்றி, 15 கோல்கள், வாங்கியவை 108. மொன்ஷன்கிளாட்பாக் அணிக்கு எதிரான ஆட்டத்தை, பேர்லினின் அந்தப் பேரரங்கில், 827 பேரே பார்த்தார்கள். இன்றைய டஸ்மானியா அந்தக் கழகம் முறிந்துபோன பிறகு புதிதாகத் தொடங்கப்பட்டது. ஆயினும் 2021 ஜனவரியில், ஷால்கே தங்கள் சாதனையை நெருங்கியபோது, அது எங்களிடமே இருக்கட்டும் என்று அக்கழகத்தார் வெளிப்படையாகவே விரும்பினார்கள். ஷால்கே வெல்லவேண்டும் என்று அவ்வளவு மனதார விரும்பியவர்கள் அன்று வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஜனவரி 9 அன்று ஹொஃபன்ஹைம் அணிக்கு எதிராக, மத்தியூ ஹொப்பே என்ற 19 வயது அமெரிக்க இளைஞன் மூன்று கோல்கள் அடிக்க, ஷால்கே 4–0 என வென்றது. டஸ்மானியாவின் சாதனை தப்பியது.

அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தோம். பிறகு யோசித்தபோது சிரிப்பு நின்றது. தம்முடைய தோல்வியைத் தம்முடையது என்று உரிமை கொண்டாட டஸ்மானியாக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் வறியவர்களாக இருந்து தோற்றார்கள். தகுதிக்கு மீறிய இடத்தில் நிறுத்தப்பட்டதால் தோற்றார்கள். ஷால்கே, உலகின் அதிக வருவாயுள்ள கழகங்களின் வரிசையில் இடம்பெற்றுவந்த காலத்திலேயே தோல்விக்கான விதையை ஊன்றியது. முன்னதில் வெட்கப்பட எதுவுமில்லை. பின்னதை நேர்நின்று பார்க்கவே கூசுகிறது. கூசுவதால்தான் 'அவர்கள்' என்கிறோம்.

அன்றியும், அந்தத் தோல்விகளை எவரும் நேரில் பார்க்கவில்லை. 62,000 பேர் கொள்ளும் அரங்கு அது. ஆட்டக்காரர்கள் வெளிவரும் வழி சுரங்கப் பாதையைப்போல அமைக்கப்பட்டிருக்கும். ஆட்டத்துக்கு முன் சுரங்கத் தொழிலாளரின் பழம்பாடலை அரங்கமே எழுந்து பாடும். 2018 டிசம்பரில், பொட்ரொப் நகரில் ஜேர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட வாரத்தில், அந்தத் தொழிலாளர்களுக்கு விடைகொடுத்ததும் இந்த அரங்குதான். 2020–21இல் அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மட்டுமே எதிரொலித்தது. 2021 பெப்ரவரியில் டோர்ட்முண்ட் அங்கு வந்து 4–0 என வென்றபோது, அண்டை ஊர்ப் பகையாளியிடம் படும் தோல்விக்கு வழக்கமாக எழும் ஓலம்கூட எழவில்லை. நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தேநீர் போட்டோம். அவ்வளவுதான். தோல்வியை நேரில் நின்று பெற்றுக்கொள்வதும் கடைசியில் கொடியைச் சுருட்டிக்கொண்டு பல்லாயிரம் பேரோடு மௌனமாக நடந்து இரயிலேறுவதும் ஒரு சடங்கு. அந்தச் சடங்கு தவறிப்போன வீட்டில் துக்கம் ஆத்திரமாகப் புளித்துப்போகும்.

புளித்தது. 2021 ஏப்ரல் 20 இரவு, பீலஃபெல்டில் 1–0 எனத் தோற்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் பிரிவுக்குப் போவது உறுதியானபோது, பேருந்து அரங்குக்குத் திரும்பி வரும்வரை சில நூறு பேர் இருட்டில் காத்திருந்தார்கள். முட்டை எறிந்தார்கள். துரத்தினார்கள். ஆட்டக்காரர்கள் சிலர் உதை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். சுரங்கத்துக்குள் அகப்பட்ட தோழனை விட்டுவிட்டு மேலே வருவதில்லை என்ற மரபைப் போற்றும் ஊரில் இது நடந்தது. அன்றிரவு உதைத்த கால்களைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. நாங்கள் சொல்ல விரும்புவது வேறொன்று. அவ்விரவில் அடிபட்டவர்களில் பலர், கழகத்துக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள். கடன் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. மட்டிப்பையும் கொரெட்ஸ்காவையும் இலவசமாக அனுப்பியவர்கள் அவர்களல்லர். கணக்குக் கேட்கவேண்டிய மண்டபத்தில் ஆண்டுக்கணக்காக வாய்மூடி இருந்துவிட்டு, கார்கள் நிற்குமிடத்தில் நள்ளிரவில் ஓடிப்பிடித்த கணக்கு அது. முட்டை எறியாத நாங்களும் அந்த வாய்மூடலில் பங்காளிகள்.

'விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கக்கூடாதா, ரசிகன் என்ன கணக்காளனா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சனிக்கிழமை மாலையில் ஒரு மனிதன் தேடுவது ஐந்தொகையை அன்று. கெல்சன்கிர்ஷன் ஜேர்மனியிலேயே வேலையின்மை மிகுந்த நகரங்களுள் ஒன்று. சுரங்கங்கள் போனபின் அந்த ஊருக்கென்று மிஞ்சிய பெரிய பெயர் அந்தக் கழகம் மட்டுமே. அங்குள்ள ஒருவர் அன்பு செய்வதற்குமுன் ஆவணம் பார்க்க வேண்டும் என்று உபதேசிக்க நாங்கள் யார்? ஆயினும், அந்த அன்பு எவ்வளவு கண்மூடித்தனமானதோ அவ்வளவு நல்ல பிணையாகக் கடன் சந்தையில் எடுபட்டது என்பதை மறந்துவிடலாகாது. வேறு எதுவுமில்லாத ஊரின் கடைசிச் சொத்தைத்தான் அடமானம் வைத்தார்கள். அதனாலேயே அந்த ஊரார் மற்ற ஊராரைவிடக் கூடுதலாகக் கணக்குக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2022 மே 7 அன்று, சென்ட் பௌலி அணியிடம் 2–0 என்று பின்தங்கியிருந்து, 3–2 என்று வென்று ஷால்கே முதற்பிரிவுக்குத் திரும்பியது. இம்முறை அரங்கு நிறைந்திருந்தது; ரசிகர்கள் மைதானத்தில் இறங்கிப் புல்லைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாங்களும் அன்று 'நாம்' என்று சொன்னோம், கூச்சமில்லாமல். ஓராண்டு கழித்து, 2023 மே 27 அன்று, 31 புள்ளிகளுடன் அணி மறுபடியும் கீழே போனது. ஒரே ஒரு நல்ல பருவத்தால் தீர்ந்துவிடும் கடனில்லை அது.

2024ஆம் ஆண்டின் இறுதியில் கழகம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க முடிவுசெய்தது. ரசிகர்கள் அதில் பங்கு வாங்குவது. அந்தப் பணத்தைக்கொண்டு கூட்டுறவு, அரங்குக்குரிய நிறுவனத்தில் பங்குகளைப் பெறுவது. கழகம் அத்தொகையால் கடனைக் குறைப்பது என்பது திட்டம். செய்தியைக் கேட்டவுடன் எங்களுக்குப் பழைய கசப்பே முதலில் வந்தது: மறுபடியும் எங்கள் சட்டைப் பையா? மூத்த நண்பரோ வேறுவிதமாகச் சொன்னார். முன்பு உங்கள் அன்பை உங்களைக் கேளாமலே ஈடு வைத்தார்கள், இப்போது உங்களிடம் கேட்டுப் பத்திரம் தருகிறார்கள், அங்கத்தவனாக இருக்கத் தெரிந்தால் போய் இருங்கள் என்றார். இத்திட்டம் கழகத்தைக் காப்பாற்றுமா என்று அறுதியிட்டுச் சொல்லும் துணிவு எங்களுக்கில்லை. ஆனால் கேட்கப்படுவதற்கும் கேட்கப்படாமலே எடுத்துக்கொள்ளப்படுவதற்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று.

விசுவாசம் என்பதைக் கேள்வியின்மை என்று நெடுங்காலம் தவறாகப் பொருள்கொண்டிருந்தோம். மழையில் நின்றதைப் பெருமையாகச் சொன்னோம். மண்டபத்தில் எழுந்து நிற்காததைச் சொல்லவில்லை. அடுத்தமுறை அணி இரண்டாமிடத்துக்கு வரும் ஆண்டில், எல்லோரும் சம்பியன்ஸ் லீக்கைப் பற்றிப் பேசும் அந்தக் கோடையில், ஒருவராவது எழுந்து வரவென்ன, செலவென்ன, யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறோம் என்று கேட்டால், 2020–21 வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

அதுவரை அந்தப் பருவத்தைப் பற்றி யாரேனும் கேட்டால், இலக்கணத்தைத் திருத்திக்கொண்டு இப்படித்தான் சொல்வோம்: மூன்று வெற்றி, இருபத்துநான்கு தோல்வி, பதினாறு புள்ளி. நாங்கள் தோற்றோம்.